கசப்பு எனக்கு, லேகியம் அவருக்கு

ஆறு வருஷம் மலைவேம்புச் சாறு குடித்திருக்கிறேன். மாதவிலக்கான முதல் மூன்று நாளும், காலையில் பல் துலக்கியதும், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். மாமியார் இலையை அம்மியில் வைத்து அரைத்து, துணியில் பிழிந்து, கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பார். குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு சொட்டு கீழே விழுந்தால், "இப்படிச் சிந்துனா எப்படித் தங்கும்?" என்பார்.

எனக்குக் கல்யாணம் ஆனது எண்பத்திரண்டில். பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். அதற்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. வேலையை விடமாட்டேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்றார்கள். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் சாயங்காலம் திரும்புவேன். கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். அவர் தம்பி, பேண்டேஜ் துணி நெய்கிற தறி நாலு வைத்திருந்தார். மாமனார் இல்லை. எல்லோரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

நாங்கள் வேதக்காரர்கள், கோவில் என்றால் எங்களுக்குச் சர்ச்தான். அதனால் அரசமரம் சுற்றவில்லை, தொட்டில் கட்டவில்லை. மாமியாருக்கு அதில் பெருமை உண்டு. "நம்ம வீட்ல அந்த மூடப் பழக்கமெல்லாம் கிடையாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவார். சொல்லிவிட்டு வந்து அம்மிக்கு முன்னால் உட்காருவார்.

மலைவேம்போடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கழற்சிக்காய்ப் பருப்பை மிளகோடு இடித்து உருட்டிய உருண்டை, ஏதோ ஒரு பட்டையை நாள் முழுக்கக் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சிய கஷாயம், பெயர் சொல்லாமல் தந்த பொடிகள். கர்ப்பப்பையில் சூடு என்பார் ஒரு மாதம். அடுத்த மாதம் அதே கர்ப்பப்பையில் குளிர்ச்சி. என் வயிற்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி எல்லோரும் பேசினார்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் எனக்குப் பயம். கசப்பு ஏப்பமாக வரும், பொறவு வாந்தியாக வரும். இரண்டு முறை மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்கி ரோட்டோரம் குனிந்து நின்றிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலையின் பாகங்கள், வேரின் பயன்கள் என்று போர்டில் படம் போட்டு நடத்துகிற டீச்சர் நான்.

இரண்டாவது வருஷமே மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் நாலு மாதம் தள்ளிப்போட்டார். பிறகு ஒரு விடுமுறை நாளில் தனியாக மதுரைக்குப் போய்வந்தார். கையில் ஒரு பந்து மல்லிகை. "எனக்கு எல்லாம் சரியா இருக்காம்" என்றார். நான் நம்பினேன். பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

அவருக்கும் குறையில்லை, எனக்கும் குறையில்லை என்றால் குறை யாருடையது? வீட்டில் அதற்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இங்கிலீஷ் டாக்டருக்குக் கர்ப்பச் சூட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் மாமியார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாட்டு மருந்துக்கடைக்காரர் கைராசிக்காரர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான்தான் தினமும் அந்த ஊருக்குப் போகிறேனே. எனக்கான கசப்பை நானே பள்ளிக்கூடம் விட்டதும் போய் வாங்கி, பரீட்சைத் தாளோடு சேர்த்துப் பையில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

ஒருமுறை எழுபது நாள் தள்ளிப்போனது. மாமியார் கோவிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார். எழுபத்தோராம் நாள், வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே உதிரம் கொட்டியது. சேலை முழுக்க நனைந்து, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து என்னை ஒரு போர்வையால் சுற்றி வெளியே கூட்டிப்போனார். கர்ப்பமே இல்லையாம். அந்தப் பொடிகள் செய்த வேலை. டாக்டர் அப்படித்தான் சொன்னார். வீட்டில் என்ன சொன்னார்கள்? "பஸ்ல குலுங்கிக் குலுங்கிப் போனா எப்படி நிக்கும்?" வராத பிள்ளையை நான் பஸ்ஸில் தொலைத்துவிட்டேனாம்.

கொழுந்தனுக்கு எனக்கு அடுத்த வருஷம் கல்யாணம். ஓரகத்தி தளவாய்புரத்துப் பெண். என்னைவிட ஆறு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். நான் அவளை ஏட்டி என்பேன். அவளுக்கு ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், மூன்று பெண் பிள்ளைகள். நாள் முழுக்கத் தறித் துணியை வெட்டிச் சுருட்டுகிற வேலையும் அவளுக்குத்தான். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பேண்டேஜ் சுருள். மூன்றாவதுக்குப் பிறகு அவள் நிறமே மாறிப்போனது. உதடு வெளிறி, நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று கேட்டாள். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியார், "மூணும் பொட்டையா இருக்கு. ஒரு பையன் வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்.

எனக்கு அவள்மேல் பொறாமை இருந்தது. மறைக்க விரும்பவில்லை. அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது நான் அடுப்படியைவிட்டு வெளியே போய்விடுவேன். அவளுக்கு என்மேல் பொறாமை இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. காலையில் சேலையைச் சரிசெய்துகொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறிப் போகிறேனே, அதைப் பார்த்து.

எண்பத்தொன்பதில், கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் ஒரு மடித்த சீட்டைக் கையில் வைத்தாள்.

"அக்கா, அந்த மருந்துக்கடையில இதைக் குடுங்க. உடம்பு வலிக்கு ஒரு மருந்து சொன்னாக."

"என்னட்டி வலி?"

"இடுப்புதான். உக்காந்தே சுருட்டுதேன்லா."

அடுத்தவர் சீட்டைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் படித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு வேரைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். எனக்கு வழக்கமாகத் தருகிற பொட்டலத்தையும் கொடுத்தார். பிள்ளை வேண்டும் என்பதற்கு ஒன்று, பிள்ளை வேண்டாம் என்பதற்கு ஒன்று. இரண்டையும் ஒரே பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, நான்தான் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. எனக்கு லீவு. ஆண்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாமியார் கோவிலில் வெள்ளையடிக்கிற வேலையை மேற்பார்க்கப் போயிருந்தார். பத்து மணி இருக்கும். பின்கட்டில் பெரிய பிள்ளை, "பெரியம்மா, அம்மா கீழ விழுந்துட்டாக" என்று கத்தினாள். ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாள். கல்லிலிருந்து சாக்கடை வரைக்கும் ரத்தம். எடுத்துவர வேறொன்றும் தோன்றவில்லை. அவள் முந்தின நாள் சுருட்டி அடுக்கியிருந்த பேண்டேஜ் துணியை அள்ளிக்கொண்டு வந்து வைத்தேன். வைக்க வைக்க நனைந்தது. ஒரு நாள் முழுக்க அவள் சுருட்டின துணி அது.

"என்னத்தட்டி குடிச்ச?"

"அக்கா... அவியட்ட சொல்லிராதீங்க."

சாகக் கிடக்கிற நேரத்திலும் அவளுக்குப் புருஷனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துத் தந்தார். ஒரு லேடி டாக்டர் நடத்திய நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் எல்லாம் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்ததாம். வேரைக் குடித்தது மட்டும் இல்லை. கடைக்காரர் வேர்ப் பொட்டலத்துக்குள்ளேயே ஒரு ஆளின் விலாசத்தை எழுதி வைத்திருந்தார், அந்தப் பொம்பளையும் நாங்கள் இல்லாத நேரத்தில் வந்து ஏதோ செய்திருக்கிறாள். உள்ளே சீழ் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பிழைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் என்னிடம் கேட்டார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"ஓரகத்தி."

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இல்ல."

"வீட்டுக்காரருக்கு டெஸ்ட் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு. சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"ரிப்போர்ட்டை நீங்க பாத்தீங்களா?"

என் வகுப்பில் ஒரு பிள்ளை, மார்க் அட்டையில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொன்னால் அட்டையை வாங்கிப் பார்க்காமல் விடமாட்டேன். ஒரு பந்து மல்லிகைக்கு ஐந்து வருஷம் கேள்வி கேட்காமல் இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"அன்னைக்குச் சீட்டு குடுத்தேனே, அந்தப் புள்ளைக்குக் கர்ப்பப்பையை எடுத்தாச்சு."

அவர் சுற்றிலும் பார்த்தார். "உள்ள வாங்க டீச்சர், பேசிக்கிடலாம்."

"இங்கயே பேசுங்க. எத்தனை மாசம்னு கேட்டீங்களா?"

"பொம்பளப் புள்ளைகிட்ட அதெல்லாம் எப்படிக் கேக்கது?"

"மருந்து மட்டும் குடுக்கலாம், மாசம் கேக்கக் கூடாதோ?"

"அதுவா கேட்டுச்சு, குடுத்தேன். மருந்துதான் நம்ம கையில. பலன் ஆண்டவன் கையில."

"ஆறு வருஷமா எனக்குக் குடுக்கீங்களே. என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

அதற்கு அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "ஆம்பளைக்கு என்ன டீச்சர்? ஆம்பளையாப் பொறந்தவனுக்கு அதெல்லாம் இருக்காது."

பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அவர் தராசுத் தட்டில் கொட்டிவிட்டு வந்தேன். அதைவிட அதிகமாக ஏதாவது செய்திருக்க வேண்டும். போலீசுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் போலீசுக்குப் போனால் முதலில் கேள்வி கேட்பது அவளைத்தான். மயக்கம் தெளிந்ததும் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டதும் போலீஸ் வேண்டாம் என்றுதான். அதனால் விட்டேன். விட்டதற்கு இன்றைக்கும் என்னை மன்னிக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கூப்பிட்டேன். மில்லிலிருந்து வந்து சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மதுரையில குடுத்தாங்களே, அந்த ரிப்போர்ட் எங்க?"

"அது எங்கயோ கிடக்கும்."

"எங்க கிடக்கும்? தேடுதேன், சொல்லுங்க."

ரொம்ப நேரம் பஞ்சையே தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "நான் ரிசல்ட் வாங்கப் போகல்ல."

பொய் ரிப்போர்ட் கொண்டுவந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறார். ரெண்டு மணி நேரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இவர் ரெண்டு மணி நேரம் டவுன்ஹால் ரோட்டில் நடந்திருக்கிறார். பூ வாங்கியிருக்கிறார். பஸ் ஏறிவிட்டார். ஒரு தாளை வாங்கப் பயந்த மனுஷனுக்காக நான் அறுபது எழுபது மாதம், மாதம் மூன்று நாள், டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறேன். அவர் எதிரில்தான் குடித்தேன். பேப்பர் படித்துக்கொண்டே என் முகம் கோணுவதைப் பார்த்திருக்கிறார்.

அடுத்த வாரம் மதுரைக்கு இருவரும் சேர்ந்து போனோம். இந்த முறை தாளை நான் வாங்கினேன். அவருக்கு உயிரணு ஒன்றுகூட இல்லை. விடலை வயதில் அம்மைக்கட்டு என்கிற பொன்னுக்குவீங்கி வந்து, விதையும் வீங்கியிருந்ததா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றார். அதனாலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, மருந்தால் பெரிதாகப் பலன் இருக்காது என்றார் டாக்டர். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

மாமியாரிடம் தாளைக் காட்டிச் சொன்னேன். அவர் முதலில் சொன்ன வார்த்தை, "இதை வெளிய சொல்லிராத." இரண்டாவது வார்த்தை, "பாவம், எம்புட்டு வேதனைப்பட்டானோ." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஒரு ஜாடி வந்தது. மாமியார்தான் யார் மூலமாகவோ வாங்கிவரச் செய்திருக்கிறார். ஆண்களுக்கான லேகியம். அமுக்கராங்கிழங்கு, பூனைக்காலி விதை, இன்னும் என்னவெல்லாமோ சேர்த்து, பனங்கற்கண்டும் நெய்யும் தேனும் போட்டுக் கிண்டியது. அதைச் சுண்டைக்காய் அளவு எடுத்து, காய்ச்சிய பாலோடு, சாப்பிட்ட பிறகு கொடுப்பார். வெறும் வயிற்றில் இல்லை. ஜாடியைத் திறந்தாலே அடுப்படி முழுக்க நெய் வாசனை. பிள்ளைகள் சுற்றிவந்து கேட்கும். எனக்கு ஆறு வருஷம் குடலைப் பிடுங்குகிற கசப்பு. இவருக்குத் தித்திப்பு.

நாலாம் நாள் அவர், "அம்மா, வயிறு மந்தமா இருக்கு" என்றார்.

மாமியார் ஜாடியை மூடினார். "ஒத்துக்கலைன்னா விட்டுருப்பா. உடம்பைக் கெடுத்துக்கிட வேண்டாம்."

அவ்வளவுதான். நாலு நாள். ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். நான் அந்த இடத்தில் நின்றபடியே கேட்டேன். "அத்தை, எனக்கு வயித்துப்புண்ணே வந்துச்சே. வகுப்புல ரத்தம் கொட்டுச்சே. அப்ப ஒரு நாளாவது விட்டுருன்னு சொன்னீங்களா?"

"பொம்பளைன்னா தாங்கத்தான் செய்யணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

புதன்கிழமைதோறும் கோவிலில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரம் மாமியாரோடு நானும் போனேன். யார் யாருக்கு என்னென்ன விண்ணப்பம் என்று சொல்லி ஜெபிப்பார்கள். வழக்கம்போல ஒரு அம்மா எழுந்து, "கர்ப்பம் அடைபட்டிருக்கிற நம்ம டீச்சர் மகளுக்காக" என்று ஆரம்பித்தார். ஏழு வருஷமாகக் குனிந்த தலையோடு கேட்ட ஜெபம் அது. நான் எழுந்து நின்றேன்.

"என் கர்ப்பம் அடைபடல்ல. டாக்டர் எழுதித் தந்த தாளு வீட்ல இருக்கு. குறை என் வீட்டுக்காரருக்கு. அவருக்காக ஜெபம் பண்ணுங்க. எங்க வீட்ல இன்னொரு புள்ள செத்துப் பிழைச்சு வந்திருக்கா, அவளுக்காகவும் பண்ணுங்க. எனக்காகப் பண்ண வேண்டாம்."

மாமியார் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. கணவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கொழுந்தன், "குடும்ப மானத்தைச் சந்திக்குக் கொண்டுவந்துட்டாக மதினி" என்றார். அவர் மனைவி உள்ளே படுத்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரத்தத்தில் கிடந்தபோது உங்கள் மானம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன்.

அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லையே தவிர, எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். மகாராஜபுரத்திலிருந்து வந்திருந்தாள். "டீச்சர், அந்த டெஸ்ட் எங்க எடுக்காக?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "தாளை நீயே வாங்கு" என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு வருஷத்துக்கு நாலைந்து பேராவது வந்தார்கள். சிலருடைய வீட்டுக்காரர்கள் போனார்கள். பலர் போகவில்லை.

எனக்கு இலைமேல் கோபம் இல்லை. இருமல் வந்தால் இப்போதும் ஆடாதோடைதான் கொதிக்கவைக்கிறேன். ஆளைப் பார்க்காமல், நோயைக் கேட்காமல், பெண் என்றால் ஊற்று என்று ஊற்றினார்களே, அதுதான் ஆறவில்லை.

தொண்ணூற்றிரண்டில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டோம். கணவர் இங்கிருந்து மில்லுக்குப் பஸ்ஸில் போய்வந்தார். அவரை விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று என் தங்கை கேட்டாள். யோசித்திருக்கிறேன். ஏன் விடவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே, "எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நான் குடிச்சேன்ல?" என்றேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். அதற்கப்புறம் நான் அவரோடு சண்டை போடவில்லை. கோபம் போகவும் இல்லை.

ஓரகத்தி பழையபடி எழுந்து நடமாட ஒரு வருஷம் ஆனது. கொழுந்தனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று மாமியார் வாயெடுத்தபோது, நான் ராஜபாளையத்துக்குப் போய், அப்படி ஏதாவது நடந்தால் அவள் ஆபரேஷன் கேட்டு இவர்கள் மறுத்ததிலிருந்து அந்த வேர்ப் பொட்டலம் வரைக்கும் எல்லாக் கதையையும் போலீசிலும் கோவிலிலும் நானே சொல்லுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது. தொண்ணூற்றைந்தில் அவள் மூத்தவளை என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்துவந்தாள். பெண் என்னோடு தங்கிப் படிக்கட்டும் என்றாள். அப்படியே மகள் என் வீட்டில் வந்து தங்கினாள். படிப்பில் சுமார்தான். கணக்கு வராது. தினமும் சாயங்காலம் அவளோடு மல்லுக்கட்டுவேன்.